நிழலுக்கு நேரம் கொடுத்த அம்மையார்

கொழும்பிலிருந்து மலைநாட்டை நோக்கிப் புறப்பட்ட இருப்புப்பாதை 1867ஆம் ஆண்டிற் கண்டியைத் தொட்டது. பின்னர் பேராதனையிலிருந்து வேறொரு கிளையாகப் பிரிந்து, கம்பளை வழியாக 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்து சேர்ந்தது. வந்த பாதை இங்கேயே பத்து ஆண்டுகள் நின்றுவிட்டது. அட்டன் நகருக்கு முதற் புகையிரதம் போனது 1884இலேதான். ஆகவே அந்தப் பத்தாண்டுக் காலத்திற் டிக்கோயாவுக்கும் டிம்புளைக்கும் பொகவந்தலாவைக்கும் போகவேண்டியிருந்த புகையிரதப் பிரயாணிகளுக்கு நாவலப்பிட்டியே கடைசி நிலையம். இங்கே இறங்கிக் கினிகத்தேனைக் கணவாய் வழியாக வண்டியிலோ குதிரையிலோ ஏறிப் போகவேண்டும். மகாவலியின் கரையில், ஆண்டின் பெரும்பகுதி மழையும் மூடுபனியும் கவிந்து கிடக்கும் இவ்வூர், அக்காலத்திற் கோப்பித் தோட்ட உலகத்தின் வாயிலாக விளங்கியது.

அந்த வாயிலுக்கு அப்பால், டிக்கோயாப் பள்ளத்தாக்கில், 1879ஆம் ஆண்டு சனவரி மாதம் 26ஆம் நாள் ஓர் ஆங்கிலப் பெண்மணி உயிர் நீத்தார். ஒளிப்படக் கலையின் வரலாற்றை எழுதும் எவரும் அவர் பெயரைத் தவிர்த்து எழுத முடியாது. ஜூலியா மார்கரெட் கேமரன் என்பது அவர் பெயர்.

அவர் வாழ்க்கையை இங்கே எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. பிலிமில் படம் பிடிக்கும் வழக்கம் அடியோடு ஒழிந்துவிடும் என்று பலரும் எண்ணியிருந்தனர், அது ஒழியவில்லை. வீட்டுப் பெட்டியடியிற் கிடந்த பழைய கமராவை எடுத்துத் துடைத்துக் கறுப்பு வெள்ளைப் பிலிமை இட்டுக்கொண்டு திரியும் மாணவர் சிலர் தங்கள் நெகட்டிவ்களை என்னிடம் கொண்டு வருவதுண்டு. பகலிற் பிடித்த படங்களைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் இரவுப் படங்களைப் பற்றியே. திருவிழா இரவிற் சுவாமி வீதியுலா வருகின்றது. மழை ஓய்ந்த புகையிரத மேடையில் விளக்கொளி படர்ந்திருக்கின்றது. வாசற்படியில் விளக்கடியிற் பாட்டி அமர்ந்திருக்கிறாள். கண்ணுக்கு எல்லாம் தெரிந்தன. படத்திலோ விளக்குகள் மட்டும் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கின்றன. பாட்டியின் முகம் இருந்த இடத்திற் சாம்பல் நிறச் சேறு. இதனை எப்படிச் சரி செய்வது என்று கேட்கிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்லும் விடையின் பெரும்பகுதி அவ்வம்மையாரின் வாழ்க்கையிலே கிடக்கின்றது.

ஜூலியா 1815ஆம் ஆண்டு யூன் 11ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பற்றில் கிழக்கிந்தியக் கம்பனியின் உத்தியோகத்தர். தாய் பிரெஞ்சு வழியினர். நோயுற்ற உடம்பைத் தேற்றுவதற்காக 1836இல் நன்னம்பிக்கை முனைக்குப் போயிருந்தபோது இரண்டு பேரை அவர் சந்தித்தார். அவருடைய பிற்கால வாழ்வை அமைத்தவர்கள் அவ்விருவருமே. ஒருவர் சார்ள்ஸ் ஹே கேமரன், சட்ட அறிஞர், ஜூலியாவைவிட இருபது வயது மூத்தவர். இலங்கையில் இராசகாரிய முறையை ஒழிக்கவும் நீதிமன்றங்களைத் திருத்தி அமைக்கவும் வழி செய்த கோல்புறூக் – கேமரன் ஆணைக்குழுவின் இரண்டாம் பெயருக்கு உரியவர் அவரே. இருவருக்கும் 1838இற் கல்கத்தாவில் மணம் நடந்தது. மற்றவர் வானியல் அறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷல். தென்வானத்து விண்மீன்களை அளப்பதற்காக அங்கே தங்கியிருந்தவர். ஹைப்போ என நாம் இன்றும் வழங்கும் உப்பு, வெள்ளி உப்புக்களைக் கரைக்க வல்லது என்பதை 1819இலேயே கண்டறிந்தவர் அவர். நெகட்டிவ் என்ற சொல்லை ஒளிப்படத்துறையிற் புகுத்தியவரும் அவரே. ஒளிப்படம் என்றொன்று தோன்றியிருக்கிறது என்ற செய்தி ஜூலியாவுக்குக் கல்கத்தாவிலே கிட்டியது ஹேர்ஷலின் கடிதங்கள் வழியாகத்தான்.

ஆயினும் அவர் கமராவைத் தொட இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேற் செல்லவேண்டியிருந்தது. 1848இற் குடும்பம் இங்கிலாந்துக்குப் போயிற்று. ஒரு மகளையும் ஐந்து ஆண்மக்களையும் பெற்றதோடு ஆதரவற்ற பிள்ளைகளையும் எடுத்து வளர்த்தார். 1860இல் வைட் தீவில் பிரெஷ்வாட்டர் என்னும் கடற்கரை ஊரில், கவிஞர் டெனிசன் வீட்டுக்கு அருகில் இரண்டு வீடுகளை வாங்கி ஒன்றாக இணைத்தார்கள். அவ்வீட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் டிம்போலா. நம் டிம்புளையின் பெயர்தான் அது. கணவர் முதலீடு செய்திருந்த கோப்பித் தோட்டங்கள் இம்மலைகளில் இருந்தன. ஆங்கிலக் கடலோரத்து அவ்வீட்டுச் செலவுக்கு வேண்டிய பணம் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பிலே விளைந்தது என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

1863ஆம் ஆண்டு டிசம்பரில் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. நிலக்கரி வைத்த அறை இருட்டறையாயிற்று. கோழிக்கூடு கண்ணாடி வீடாயிற்று. அடுத்த சனவரியில், ஆனி பில்பொட் என்னும் சிறுமியின் படம் அவர் கருதிய முதல் வெற்றியாக அமைந்தது.

அக்காலத்துத் தொழில்முறையைச் சற்றே விளக்கவேண்டும். விளக்காவிடில் அவர் பட்ட பாடு விளங்காது. பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை அது. வெடிப்பஞ்சை ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்த பசையைக் கண்ணாடித் தகட்டின்மேல் ஒரே சீராக ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுத் தொட்டியிலே தோய்த்து, ஈரம் உலருமுன் கமராவில் இட்டுப் படம் பிடித்து, ஈரம் உலருமுன்னரே இருட்டறைக்குக் கொண்டோடிக் கழுவவேண்டும். உலர்ந்தால் தகடு குருடாகிவிடும். அன்றியும், அத்தகடு நீல ஒளியை மட்டுமே காணும். மஞ்சளும் சிவப்பும் அதற்கு இருட்டே. மெழுகுதிரியும் எண்ணெய் விளக்கும் வீசும் ஒளி மஞ்சள் ஆகையால், மனிதக் கண்ணுக்கு வெளிச்சமாயிருந்த அறை தகட்டுக்கு அமாவாசையாயிருந்தது. மக்னீசிய நாடாவை எரித்து இருட்டிற் படம் பிடிக்கும் முயற்சி 1864 அளவில் மான்செஸ்டரிலே தொடங்கியது. அவ்வெள்ளைச் சுவாலை முகத்தைச் சுண்ணாம்பு பூசியதுபோற் காட்டிற்று.

கேமரன் அம்மையார் பகலொளியையே நம்பினார். எனினும் அதனை முழுவதும் உள்ளே விடவில்லை. சூரியனைத் தேடி ஓடிய ஏனைய படப்பிடிப்பாளர்க்கு நேர்மாறாக, கண்ணாடிக் கூரையைத் திரைகளால் மறைத்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழுமாறு செய்தார். பின்புறம் கருந்துணி. பகலிலே ஓர் இரவை உண்டாக்கிக்கொண்டார் எனலாம். ஒளி குறைந்ததும், நம் மாணவர் இரவுப் படத்தில் எதிர்ப்படும் அதே சங்கடம் அவருக்கும் எதிர்ப்பட்டது. ஒளிபட்ட கன்னம் தகட்டிற் பதிந்துவிடும். நிழற்பக்கத்துக் கன்னம் பதியாது.

அதற்கு அவர் கண்ட வழி நேரம். வில்லையின் துவாரத்தை அகலத் திறந்து வைத்து, மூன்று நிமிடம், நான்கு நிமிடம், சில வேளைகளில் ஏழு நிமிடம்வரை தகட்டைத் திறந்துவைத்தார். எதிரே இருப்பவர் அவ்வளவு நேரமும் அசையாதிருக்கவேண்டும். தலையைப் பின்னாலிருந்து பிடிக்கும் இரும்புக் கவைகளை அக்காலத்து ஸ்டூடியோக்கள் பயன்படுத்தின. அவர் அவற்றைப் பெரிதும் விரும்பவில்லை. ஆகவே அவர் படங்களில் முகங்கள் சற்றே அசைந்தன, விளிம்புகள் கரைந்தன, காது தெளிவின்றியும் மூக்கு தெளிவாகவும் நின்றன. 1866 முதல் 12க்கு 15 அங்குலமான பெருந் தகடுகளையும் 30 அங்குலக் குவியத்தூரமுள்ள டால்மேயர் வில்லையையும் கொண்டு முகத்தை ஏறக்குறைய ஆளளவிலேயே பிடித்தார். அப்போது தெளிவின் ஆழம் இன்னும் சுருங்கிற்று. தொழில்முறைப் பத்திரிகைகள் அவரைப் பலமாகக் கண்டித்தன. படம் மங்கல், தகட்டிலே கறை, பசையில் விரலடையாளம், தொழில் தெரியாத பெண்மணி என்பதே அவர்கள் தீர்ப்பு.

கறைகளையும் விரலடையாளங்களையும் பற்றி அவர்கள் சொன்னது உண்மைதான். நான் அவற்றைக் கலையென்று புகழ மாட்டேன். மங்கலைப் பற்றிய தீர்ப்பு மட்டும் தவறானது. ஒளி குறைந்த இடத்தில் நிற்கும் படப்பிடிப்பாளனுக்கு முன் இரண்டு நட்டங்களே உள்ளன. இரண்டில் ஒன்றை அவன் ஏற்றே தீரவேண்டும். விரைவாக மூடினால் நிழல் வெறுமையாகும். நேரம் கொடுத்தால் உருவம் அசையும். அசைந்த முகத்தில் முகம் இருக்கின்றது. வெறுமையான நிழலில் எவ்வளவு தேடினும் ஒன்றும் இல்லை. அம்மையார் இதனை அறிந்தே தெரிந்துகொண்டார் என்பதற்கு 1867இல் எடுத்த இரண்டு படங்களே சான்று. இலண்டனில் சகோதரியின் இல்லத்தில் எடுத்த கார்லைலின் படத்தில் அவ்வறிஞரின் தலை ஆடியிருக்கின்றது. ஆனால் இருண்ட கண்குழியும் தாடியின் நிழலும் பதிந்துள்ளன. அதே ஆண்டு ஏப்ரலில், தம் கருவிகளையெல்லாம் கென்ற் மாகாணத்திலுள்ள ஹேர்ஷல் வீட்டுக்கே கொண்டு சென்று அவரைப் பிடித்தார். கறுப்புத் துணி போர்த்த முதியவர்; கழுவி உலரவிட்ட வெண்மயிர் தலையைச் சுற்றிச் சிதறி நிற்கின்றது; மேலிருந்து விழும் ஒளியில் முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகின்றது. முப்பது ஆண்டு நட்பின் காணிக்கை அது. டெனிசனும் டார்வினும் லோங்பெலோவும் அவர் கமராவின் முன் அமர்ந்தவர்களே.

இனி மாணவரின் நெகட்டிவ்களுக்கு வருவோம். அவற்றை வாங்கியதும் நான் படத்தைப் பார்ப்பதில்லை. பிலிமின் ஓரத்தைப் பார்க்கிறேன். அங்கே தொழிற்சாலையிலேயே பதித்த எண்களும் எழுத்துக்களும் இருக்கும். அவை நன்றாகக் கறுத்திருக்கப் படம் மட்டும் மெலிந்திருந்தால், கழுவியதிற் குறையில்லை. கமராவில் ஒளி போதவில்லை. எண்களும் சேர்ந்தே வெளிறியிருந்தால் டெவலப்பர் பழையது, அல்லது குளிர்ந்தது, அல்லது நேரம் போதாதது. நம் மலைப்பக்கத்து மார்கழிக் குளிரில் இரண்டாவது குறையும் நேர்வதுண்டு. ஆனால் இரவுப் படங்களிற் பெரும்பாலும் காண்பது முதலாவதே.

அதன் காரணம் எளிது. கமராவின் ஒளிமானி தெருவிளக்கை நோக்குகின்றது. அதன் பிரகாசத்தைக் கண்டு, போதும் என்று சொல்லிவிடுகின்றது. முகத்தின் அருகே சென்று முகத்தில் விழும் ஒளியையே அளந்திருந்தால் அது வேறு கணக்குச் சொல்லியிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. அது பலருக்குத் தெரியாது. ஒளி பாதியானால் நேரத்தை இரட்டித்தாற் போதும் என்ற கணக்கு, ஒரு செக்கனுக்கு மேற் செல்லச் செல்லப் பொய்த்துவிடும். மெல்லிய ஒளியைப் பிலிம் சிந்தவிடுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவில் விண்மீன்களைப் படம் பிடித்து அளந்த கார்ல் சுவார்ட்சில்ட் இதற்கு ஒரு சூத்திரம் வகுத்தார். இல்போர்ட் எச்.பி.5 பிளஸ் பிலிமுக்கு மானி பத்துச் செக்கன் காட்டினால் ஏறக்குறைய இருபது செக்கன் கொடுக்கவேண்டும். கொடாக் டிரை-எக்ஸ் பிலிமுக்கான கொடாக்கின் அட்டவணையோ பத்துக்கு ஐம்பது செக்கன் கேட்கின்றது. இதற்கு முக்காலியும், ஷட்டரைத் தொடாமல் இயக்கும் கம்பியும் வேண்டும். பாட்டி அசையாமல் இருக்கவும் வேண்டும். வயோதிபர் இதிற் பிள்ளைகளைவிட நல்லவர்கள்.

டெவலப்பரில் நெடுநேரம் வைத்தால் மீளாதா என்று கேட்பர். மீளும், ஒளி சிறிதளவேனும் பட்ட இடங்களில். விளக்கும் விளக்கடியும் மேலும் மேலும் கறுக்கும், மணிகள் தடிக்கும், ஒளியே படாத நிழல் முன்போலவே கண்ணாடியாகக் கிடக்கும். கழுவி முடிந்த மெலிந்த நெகட்டிவுக்குச் செலெனியக் கரைசல் சிறிதளவு உரமூட்டும். கடினமான தரத்துத் தாள் இன்னும் சிறிது உதவும். வேறொரு பழைய வித்தையும் உண்டு. நெகட்டிவைக் கறுப்புத் துணிமேல் வைத்துப் பக்கத்திலிருந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், மெல்லிய வெள்ளிப் படிவு வெண்மையாக ஒளிர்ந்து, படம் நேர்ப்படமாகவே தோன்றும். அதைத் திரும்பப் படம் பிடித்துக்கொள்ளலாம். கொலோடியன் காலத்தில் வேண்டுமென்றே ஒளி குறைத்துப் பிடித்த கண்ணாடிக்குப் பின்னே கருமை பூசி விற்ற அம்பிரோடைப் படங்கள் இந்த உண்மையின்மேல் எழுந்தவையே. குறையே ஒரு தொழிலாக நடந்த காலம் அது.

அம்மையாரையும் இரசாயனங்கள் ஏமாற்றியதுண்டு. 1869இல் அவருடைய அருமையான தகடுகள் பலவற்றின் மேற்பசை வலைபோல வெடிக்கத் தொடங்கிற்று. அவர் இலண்டன் ஒளிப்படச் சங்கத்தின் கூட்டத்துக்கே போய்த் தகடுகளைக் காட்டிக் காரணம் கேட்டார். அவரைத் தொழில் தெரியாதவர் என்று ஒதுக்கியவர்கள் நிறைந்த சபை அது. போய்க் கேட்பதற்கு அவர் கூசவில்லை.

அதே 1869ஆம் ஆண்டில் இலங்கையில் வேறொரு வெடிப்பு நிகழ்ந்தது. கோப்பி இலையிற் செம்புள்ளி நோய் கண்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் மலைநாட்டுக் கோப்பியை அது தின்று தீர்த்தது. கேமரன் குடும்பத்தின் வருவாய் முன்னரே தளர்ந்திருந்தது. அவர் தம் படங்களை இலண்டனிலே விற்பனைக்கு விட்டதும், ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்களுக்குப் பதிப்புரிமை பதிந்துகொண்டதும் பொழுதுபோக்குக்காக அன்று. வரவு செலவுக்கு மிஞ்சவேயில்லை. கமராவைப் பரிசளித்த மகள் 1873இற் பிள்ளைப்பேற்றில் இறந்தாள். 1875இல், எண்பது வயதுக் கணவரின் விருப்பப்படி, குடும்பம் இலங்கைக்குப் புறப்பட்டது. சவப்பெட்டி இரண்டையும் பசுவொன்றையும் உடன் கொண்டு வந்தார்கள் என்று ஒரு கதை வழங்குகின்றது.

இலங்கையில் அவர் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. மகன் ஹார்டிங் உத்தியோகம் பார்த்த களுத்துறையில் பெரும்பாலானவை பிடிக்கப்பட்டன. ஒளி ஏராளமாக இருந்த நாட்டிற் படம் ஏன் குறைந்தது என்பார்க்கு, ஈதர் என்ற ஒரு சொல்லே பாதி விடையாகும். வெப்ப நாட்டில் அது கணத்திற் பறந்துவிடும்; தகடு விரைவில் உலரும். இங்கிலாந்தில் நிமிடக் கணக்கிற் செலவிட்ட நேரம் இங்கே அவருக்கு இல்லை. மருந்துப் பொருள்கள் கடல் கடந்து வரவேண்டும், முதுமையும் சேர்ந்துகொண்டது. 1877இல் ஓவியர் மரியான் நோர்த் விருந்தினராக வந்தபோது அவருக்கு உடையணிவித்து, இலைகளுக்கிடையே நிறுத்திப் படம் பிடித்தார். களுத்துறைக் குடியானவர் என்று தலைப்பிட்ட 1878ஆம் ஆண்டுப் படமொன்றில் நம் நாட்டவர் மூவர் நிற்கின்றனர். டெனிசனுக்கும் டார்வினுக்கும் கொடுத்த அதே நெருக்கமும் கம்பீரமும் அவர்கள் முகங்களுக்கும் கிடைத்திருக்கின்றன. தலைப்பில் அவர்கள் பெயர் இல்லை. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், நிழல் முழுவதும் பதிந்திருந்தும் ஏதோ பதியாமல் விடுபட்டது என்ற எண்ணமே எனக்குத் தோன்றுகின்றது.

1878இற் சிறிது காலம் இங்கிலாந்து சென்று திரும்பியவர், அடுத்த சனவரியில் டிக்கோயாவில் கிளென்கெயன் தோட்டத்து பங்களாவில் இறந்தார். பொகவந்தலாவையிலுள்ள தூய மரியாள் ஆலயத்துத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பின் 1880இல் கணவரும் அங்கேயே அவரருகில் அடக்கம் பெற்றார். கடைசி மகன் ஹென்றி ஹேர்ஷல் கேமரன் பின்னாளில் இலண்டனில் ஒளிப்பட ஸ்டூடியோ நடத்தினார்.

அவர் இறப்பதற்கு முந்திய ஆண்டில்தான், இங்கிலாந்தில் சார்ள்ஸ் பென்னெற் என்பவர், செலற்றின் பசையைப் பல நாள் இளஞ்சூட்டில் வைத்திருந்தால் அதன் ஒளியுணர்வு பன்மடங்காகும் என்று காட்டினார். அந்த உலர்ந்த தகட்டுக்கு ஈதரும் வேண்டா, அவசரமும் வேண்டா; ஒரு செக்கனில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்திலே முகம் பதியும். அத்தகடுகள் இம்மலைகளுக்கு வந்து சேருமுன் பொகவந்தலாவைக் கல்லறையிற் புல் முளைத்துவிட்டது.